அலமாரியில் ஒரு தட்டு

“என் உடுப்பை எங்க வைக்கிறது? இந்த அலமாரி உங்க ரெண்டு பேருக்கே பத்தாது போலருக்கே.”

“எடம் பண்ணிட்டா?”

“பண்ணு. நீ எடம் பண்ணுன அன்னைக்கே மூட்டையத் தூக்கிக்கிட்டு வந்துர்றேன். அதுவரைக்கும் கிட்டங்கி ஆணியில தொங்கட்டும்.”

“நெசமாத்தான் சொல்றீகளா?”

“பின்னே, பொய்யா?”

அவ்வளவுதான் பேச்சு. மாடிப்படியின் உச்சியில், ஆளுக்கொரு மூட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பேசியது. கீழே கண்ணாத்தாள் ஆச்சியின் காலடிச் சத்தம் கேட்டதும் காசி முகத்தை மாற்றிக்கொண்டு, “இந்தப் பெட்டி எங்க போகணும்?” என்று பொதுவாக யாரையோ கேட்பதுபோல் கேட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டான். கடைசிப் படியை மிதிப்பதற்குள் அவன் அதை மறந்திருப்பான். அவன் மனைவி நாச்சம்மை மறக்கவில்லை. ஒரு வருஷம் தாண்டியும் அந்தப் பேச்சில் ஒரு சொல் குறையாமல் அவளுக்கு நினைவிருந்தது.

அன்று அவர்கள் வீடு மாறிய நாள். மலாயாவின் பத்து பாகாட் ஊரில் தோட்டம் வைத்த நல்ல வாடகை வீட்டில்தான் இருந்தார்கள். ஜப்பான்காரர்கள் வந்த சில மாதத்தில் ஓர் அதிகாரிக்கு அந்த வீடு பிடித்துவிட்டது. மத்தியானத்துக்குள் காலி பண்ணு என்று வந்து சொன்னார்கள். அள்ளிக்கொண்டு வந்தது போக மிச்சம் அங்கேயே கிடந்தது. ஆண்கள் செட்டியார்கள் சேர்ந்து வட்டிக்கடை நடத்தும் கிட்டங்கியில் போய்த் தங்கிக்கொண்டார்கள். அந்த நீளக் கூடத்தில் ஆளுக்கொரு பாய், ஒரு பெட்டி, சுவரில் ஓர் ஆணி. பெண்களுக்கு அங்கே இடம் கிடையாது. ஜவுளிக்கடை சாதிக் பாட்சாதான், “எங்க கடை மாடி சும்மாதானே கிடக்கு, வந்து இருங்க” என்று கூப்பிட்டு வைத்துக்கொண்டார். அவரும் அவர் மனைவி மஜீதாவும் கீழே கடைக்குப் பின்கட்டில் இருந்தார்கள்.

மாடியில் இரண்டே அறை. அடுப்படி கீழே. முன்னறை கண்ணாத்தாள் ஆச்சிக்கு. அவள் காசியின் பெரியப்பா மகன் மெய்யப்பனின் மனைவி. பின்னறை நாச்சம்மைக்கு. அறை என்று சொல்லக் கொஞ்சம் தயக்கமாகத்தான் இருக்கும். பாதியை அலமாரி அடைத்துக்கொண்டது.

அதுவும் மனிதர் உடுப்புக்கென்று செய்த அலமாரி இல்லை. ஜவுளிக்கடையில் துணிச் சுருள் அடுக்குவதற்காகச் செய்தது. ஆள் உயரம், நான்கு தட்டு, கைவிட்டால் முழங்கை தாண்டியும் பின்பலகை தட்டுப்படாத ஆழம். கடைச் சரக்கை ஜப்பான்காரர்கள் வாரிக்கொண்டு போன பிறகு சும்மா நின்றது. அதில் எதை வைத்தாலும் முன்னால் இருப்பது பின்னால் இருப்பதை விழுங்கிவிடும். வெள்ளைச் சோளியைத் தேடினால் தலையணை உறை வரும். தலையணை உறையைத் தேடினால் ஆச்சியின் கம்பளிச் சால்வை வரும். நாச்சம்மை ஒருநாள் அவசரத்தில் ஆச்சியின் ரவிக்கையைப் போட்டுக்கொண்டு சமையலுக்கு நின்றாள். தோள் இரண்டு பக்கமும் சரிந்து சரிந்து விழுந்தது. தான்தான் இளைத்துவிட்டோம் என்று அன்று பொழுது போகிறவரை கவலைப்பட்டுக்கொண்டிருந்தாள்.

மேல் இரண்டு தட்டும் ஆச்சியுடையவை. அடித்தட்டில் படுக்கைத் துணி, போர்வை, தீபாவளி விளக்கு, பொது உபயோகச் சாமான். மூன்றாவது தட்டுதான் நாச்சம்மைக்கு. அந்த மூன்றாவது தட்டைத்தான் அவள் காலி செய்துகொண்டிருந்தாள்.

வாய்விட்டுக் கேட்டுவிட்டால் என்ன என்று உங்களுக்குத் தோன்றலாம். கேட்கிற வீடாக இருந்தால்தானே? காசி தினமும் மத்தியானம் சாப்பிட வருவான். ஊருக்கு வெளியே ஒரு துண்டு நிலத்தில் அவனும் இன்னும் சிலரும் மரவள்ளி போட்டிருந்தார்கள். வட்டித் தொழில் படுத்துவிட்ட காலத்தில் அந்தக் கிழங்குதான் சோறு. சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு வருவான். ஆச்சி பரிமாறுவாள். நாச்சம்மை அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்று சட்டியை எடுத்துக் கொடுப்பாள். மூத்தவள் இருக்கும்போது, பட்டப்பகலில், புருஷனோடு முகம்பார்த்துப் பேசுவது அவர்கள் வழக்கத்தில் இல்லை. “குழம்பு வேணுமான்னு கேளுங்க ஆச்சி” என்று அவள் சொல்லுவாள். “போதும்னு சொல்லுங்க அண்ணமிண்டி” என்று அவன் சொல்லுவான். அண்ணன் மனைவியை அவர்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவார்கள். நடுவில் நிற்கிற ஆச்சி இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டு, “ஏன்டா, இந்த வீட்டுல நான்தான் தந்தியாபீஸா?” என்று சிரிப்பாள். சாப்பிட்டதும் அவன் மாடியேறிப் பின்னறையில் சற்றுத் தலைசாய்ப்பான். அந்த நேரத்தில் பெண்கள் இருவரும் கீழே சாப்பிடுவார்கள். அவர்கள் கை கழுவி எழுந்திருக்கும்போது அவன் போயிருப்பான்.

இன்னொன்றும் இருந்தது. மெய்யப்பன் பாகப்பிரிவினைக்காகத் தேவகோட்டைக்குப் போனவர். போன இடத்தில் இருக்கும்போதே சண்டை வந்து கப்பல் நின்றுவிட்டது. கடிதமும் கிடையாது. மேல் தட்டு இரண்டிலும் பாதிக்குமேல் அவருடைய வேட்டியும் அங்கவஸ்திரமும்தான். வெள்ளிக்கிழமைதோறும் ஆச்சி அவற்றை எடுத்து உதறி, கொடியில் காற்றாட விட்டு, பழைய மடிப்பிலேயே மடித்து வைப்பாள். அப்படிப்பட்டவள் முன்னால் போய், “என் வீட்டுக்காரரை என்கூட வந்து இருக்கச் சொல்லுங்க” என்று எப்படிக் கேட்பது? நாக்கு கூசியது.

அதனால் நாச்சம்மை ஒரு யோசனை செய்துவைத்திருந்தாள். தட்டைக் காலியாக்கிவிட்டால் போதும். அவனே மத்தியானம் வந்து படுக்கிறான், அலமாரி எதிரிலேயே இருக்கிறது, அதன் கதவுக்குப் பூட்டும் கிடையாது, திறந்தால் தெரியும். சொன்ன வார்த்தை நினைவுக்கு வரும். மூட்டையோடு வந்துவிடுவான். அவள் வாயைத் திறக்கவே வேண்டாம்.

ஆனால் காலி செய்வது லேசாக இல்லை. சுங்குடிச் சேலைகளைப் பாய்போல் சுருட்டி ஒரு பழைய மண்ணெண்ணெய் டின்னுக்குள் நிறுத்தினாள். கண்டாங்கிச் சேலைகளைத் தலையணைக்குள் பரப்பித் தைத்தாள். அதன்மேல் படுத்தால் கழுத்து வலித்தது. கல்யாணப் பட்டைக் கட்டிலுக்கடியில் தகரப் பெட்டியில் அமுக்கினாள். மூடி மூடவில்லை. மேலே உட்கார்ந்து மூடினாள். இத்தனையும் செய்து தட்டு கொஞ்சம் வெறுமையாகும் நேரத்தில் ஆச்சி வந்து, “அட, இங்க எடம் இருக்கே” என்று ஒரு ஜமக்காளத்தை வைத்துவிட்டுப் போவாள். மறுபடி முதலிலிருந்து.

ஒருமுறை இடம் போதாமல் மெய்யப்பன் வேட்டி இரண்டைக் கீழ்த்தட்டுக்கு இறக்கினாள். வெள்ளிக்கிழமை வந்தது.

“அவுக வேட்டியைக் கீழ போட்டது யாரு?”

“நான்தான் ஆச்சி. சும்மா, கொஞ்ச எடத்துக்காக…”

ஆச்சி கோபப்படவில்லை. வேட்டியை மடியில் வைத்து ஓரத்தை நீவிக்கொண்டே, “மடிப்பு கலையக்கூடாதுடி. கப்பலை விட்டு எறங்குனதும் கட்டிக்கிட வேணுமுல்ல” என்றாள்.

அதற்கப்புறம் நாச்சம்மை மேல் தட்டின் பக்கம் கையைக் கொண்டுபோகவில்லை.

மழைக்காலம் தொடங்கிய ஒரு நாள், கடைசியில், தட்டு முழுக்கக் காலியாகிவிட்டது. ஈரத்துணியால் துடைத்தாள். பாச்சை வராமல் இருக்க ஓரத்தில் காய்ந்த வேப்பிலை வைத்தாள். அன்று மத்தியானம் காசி வந்தான், சாப்பிட்டான், மாடிக்குப் போனான், போய்விட்டான். சாயங்காலம் வருவான் என்று காத்திருந்தாள். வரவில்லை. மறுநாள் மத்தியானம் வந்தவன் பாதிச் சோற்றோடு, “போதும்னு சொல்லுங்க” என்று கையை உதறினான்.

“ஏம்ப்பா, கிழங்குக் குழம்பு பிடிக்கலையா?” என்றாள் ஆச்சி.

“பிடிக்குது. உங்க ரெண்டு பேருக்கும் இருக்கட்டும்.”

கதவிடுக்கு வழியாக அவன் ஒருகணம் உள்ளே பார்த்தான். அந்தப் பார்வை நாச்சம்மைக்குப் புரியவே இல்லை. கோபம் இல்லை. ஆசையும் இல்லை. நோயாளியைப் பார்க்க வந்தவர்கள் பார்ப்பதுபோல் இருந்தது. நமக்கு என்ன நோய்? குழம்பில் உப்புக் கூடிவிட்டதா? தட்டைப் பார்த்தானா, இல்லையா? பார்த்தும் வராமல் இருக்கிறானா?

அதற்கு மறுநாள் காலையில் குளித்துவிட்டு வந்து அலமாரியைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். மூன்றாவது தட்டின் நடுவில் மலாய்க்காரர்கள் கட்டும் பாத்தேக் கைலி ஒன்று, மயில்கழுத்து நிறத்தில் பூப்போட்டு, மடித்து வைத்திருந்தது. அவளுடையது இல்லை. ஆச்சி கைலி கட்டுகிறவள் இல்லை.

“ஆச்சி, இது உங்களுதா?”

“எனக்கெதுக்குடி இது? மஜீதா காயப்போட்டது காத்துல வந்திருக்கும்.”

காற்று மாடியேறி வந்து அலமாரியைத் திறந்து மடித்து வைக்குமா? நாச்சம்மைக்குத் தெரியவில்லை. கைலியைக் கொண்டுபோய்க் கட்டிலுக்கடியில் வைத்துத் தட்டை மறுபடி துடைத்தாள்.

அடுத்த முறை ஒரு வெள்ளை டிரில் கால்சட்டை. அதற்கடுத்து, யாரோ குழந்தைக்குத் தைத்த சரிகைக் கவுன், மேசைவிரிப்பு ஒன்று. அவள் எடுக்க எடுக்கத் தட்டு நிறைந்தது. டின் நிறைந்துவிட்டது, தகரப் பெட்டி நிறைந்துவிட்டது, கட்டிலுக்கடியில் இடமில்லை. ஊரில் அவனவன் சாக்குத்துணியைக் கட்டிக்கொண்டு திரிகிற காலத்தில் இவள் ஒருத்தி மட்டும், வருகிற துணியை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தாள். பாட்சா பாய் ஜப்பான்காரனுக்குத் தெரியாமல் பதுக்குகிறாரோ? ஆச்சிதான் மறதியில் யாரிடமாவது வாங்கி வைக்கிறாளோ? ஒருவேளை நானே வைத்துவிட்டு மறந்துபோகிறேனா? இந்தக் கடைசி நினைப்பு வந்த அன்று அவளுக்கு நிஜமாகவே பயமாகிவிட்டது.

பிறகு வந்தது திரைச்சீலை. கனத்த பச்சை வெல்வெட். மேல் விளிம்பில் பித்தளை வளையங்கள் வரிசையாகத் தொங்கின. எடுத்ததும் கலகலவென்று சத்தம் போட்டது. இதற்குமேல் தாங்காது என்று எல்லாவற்றையும் ஒரு போர்வையில் கட்டி, மறுநாள் முற்பகலில் மஜீதாவை மாடிக்குக் கூப்பிட்டுக் காட்டினாள்.

மஜீதா வாயில் கைவைத்துக்கொண்டாள். வியப்பு வந்தால் அவளுக்கு மலாய்ப் பேச்சுதான் முந்தும். “அலமாக்! இது தோட்டத்துத் துரை பங்களா திரை மாதிரி இருக்கு லா. உனக்கு எப்படிக் கிடைச்சுச்சு?”

“எனக்குத் தெரியாதுக்கா. தானா வருது.”

“தானா வருதா?”

“தட்டைக் காலி பண்ணுனா வருது. காலி பண்ணலைன்னா வரமாட்டேங்குது.”

மஜீதா அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சூடு இல்லை. “அப்ப ஜின்னுதான். நல்ல ஜின்னா இருக்கும்போல. எங்க வீட்டு அலமாரிக்கும் ஒரு நடை வரச் சொல்லேன், எங்க வீட்டுக்காரருக்கு ஒரு சட்டை வேணும்.”

“வெளையாடாதீகக்கா. யாராச்சும் வந்து சோதனை போட்டா?”

அதைக் கேட்டதும் மஜீதாவின் சிரிப்பு நின்றது. “அதுவும் சரிதான். துரை சாமான் இருந்தா எங்கேருந்து வந்துச்சுன்னு ஜப்பான்காரன் கேப்பான். கொடு, நான் கொண்டுபோயி வளையத்தை அறுத்துட்டு, எங்க ஆளுகிட்ட காட்டி யாருதுன்னு விசாரிக்கிறேன்” என்று மூட்டையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு படியிறங்கினாள்.

மழை பிடித்துக்கொண்டதால் காசி அன்று நேரத்தோடு வந்துவிட்டான். படியின் அடியில் சாக்கை இறக்கி வைத்துத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தவனுக்கு எதிரே மஜீதா மூட்டையோடு இறங்கினாள். போர்வை நெகிழ்ந்த இடத்தில் பச்சை வெல்வெட் தெரிந்தது. வளையங்கள் கலகலத்தன.

காசி மூட்டையைப் பார்த்தான். பின்னாலேயே இறங்கி வந்த நாச்சம்மையைப் பார்த்தான். அவன் முகம் விழுந்துவிட்டது. போய்ப் பலகையில் உட்கார்ந்தான். நாச்சம்மை அடுப்படிக்குள் நழுவி, கதவுக்குப் பின்னால் தன் இடத்தில் நின்றுகொண்டாள். ஆச்சி இலையைப் போட்டாள். அவன் இலையைத் தள்ளி வைத்தான்.

“அண்ணமிண்டி, ஒண்ணு கேக்கணும். இந்த வீட்டுல சோத்துக்கு அவ்வளவு முடையா?”

“என்னப்பா திடீர்னு?”

“சீலையெல்லாம் வித்துத் தின்ற அளவுக்கு இருந்தா எங்கிட்டச் சொல்லக்கூடாதா? நான் என்ன செத்தா போயிட்டேன்?”

“யாரு சீலைய யாருடா வித்தா?”

“அலமாரியத் தெறந்து பாருங்க. அவ தட்டு தொடச்சு வச்ச மாதிரி இருக்கு. கல்யாணச் சீலையக்கூடக் காணோம். ஊரெல்லாம் பொம்பளைங்க சீலையக் கொடுத்துத்தான் அரிசி வாங்குறாங்க, எனக்குத் தெரியாதா? கேட்டா ரோசப்படுவான்னு கேக்கலை. நான் பாட்டுக்குக் கெழங்கக் கொடுத்து, ஆத்தோரச் சந்தையில கெடைச்சதை வாங்கியாந்து வச்சேன். அதையும் விக்கிறா. இப்பப் பாருங்க, கண்ணு முன்னாலயே போகுது.”

அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நாச்சம்மைக்கு அவன் பேசுவது ஒவ்வொன்றாகத்தான் உள்ளே இறங்கியது. கைலி. கால்சட்டை. கவுன். அந்த நோயாளியைப் பார்க்கிற பார்வை. பாதிச் சோறு. தட்டைப் பார்த்திருக்கிறான்! பார்த்துவிட்டு இப்படியா நினைத்தான்?

மஜீதா மூட்டையைத் தொப்பென்று கீழே போட்டாள். “அப்ப அந்த ஜின்னு நீங்கதானா அண்ணே?”

“ஜின்னா?”

ஆச்சி மூட்டையைப் பிரித்தாள். திரைச்சீலையைத் தூக்கிப் பிடித்தாள். வளையங்கள் ஒன்றோடொன்று இடித்தன. “ஏம்ப்பா காசி, இதை அவ எப்படிக் கட்டுவான்னு வாங்குன?”

“சீலைய எவனும் தரமாட்டேங்குறான், அண்ணமிண்டி. துணின்னு இருந்ததை வாங்குனேன். வெட்டித் தச்சுக்கிட மாட்டாளான்னு…”

“வளையத்தோடயா?”

மஜீதா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். ஆச்சிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மெய்யப்பன் போனதிலிருந்து அவள் அப்படிச் சிரித்து யாரும் பார்த்ததில்லை. காசி மட்டும் யார் யாரை ஏமாற்றினார்கள் என்று தெரியாமல், காது சிவக்க உட்கார்ந்திருந்தான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆச்சி அடுப்படியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். “நாச்சம்மை, இங்க வாடி. சீலையெல்லாம் வித்தியா?”

“இல்ல ஆச்சி. டின்னுல இருக்கு. பெட்டியில இருக்கு. தலையணைக்குள்ள கொஞ்சம் இருக்கு.”

“தலையணைக்குள்ளயா?” என்றான் காசி, அண்ணமிண்டியை மறந்து.

“விக்கலைன்னா அந்தத் தட்டை எதுக்குடி காலி பண்ணிக் காலி பண்ணி வைக்கிற? அதுல என்ன வைக்கப் போற?”

மூன்று பேரும் அவளையே பார்த்தார்கள். நாச்சம்மை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாச்சை வருகிறது என்று சொல்லலாம். பலகை உளுத்துவிட்டது, காயப்போட்டேன் என்று சொல்லலாம். இரண்டு பொய்யும் நாக்கு நுனிவரை வந்துவிட்டன. ஆச்சியின் முகத்தைப் பார்த்தாள். இப்போது சிரித்த முகம். நான் இதைச் சொன்னால் அது என்ன ஆகும்? கொடியில் ஆடுகிற வேட்டிகள் கண்முன் வந்தன. சொல்லாமல் இருந்தால்? நாளைக்கு அவன் இன்னொரு திரைச்சீலை கொண்டுவருவான். அவள் அதை ஒளிப்பாள். அவன் கால்வயிறு சாப்பிட்டுவிட்டு எழுந்துபோவான். இப்படியே சண்டை முடிகிறவரைக்கும் போகும். சண்டை எப்போது முடியும் என்று யாருக்குத் தெரியும்?

“சொல்லுடி. என்னன்னுதான் சொல்லேன்” என்றாள் ஆச்சி. குரல் சற்றே தணிந்திருந்தது.

நாச்சம்மை கதவை விட்டாள். நடந்து வந்து, ஆச்சிக்கும் மஜீதாவுக்கும் எதிரிலேயே, பட்டப்பகலில், பலகையில் உட்கார்ந்திருந்தவனுக்கு முன்னால் நின்று அவன் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“உங்க உடுப்பு வைக்கத்தான் அந்தத் தட்டு. கிட்டங்கிய விட்டுட்டு வந்து என்கூடவே இருங்க.”